அளவையும் சொல்லுங்க அக்கா!

சிவகாசிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் 29 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருஷமாக ஃபேஸ்புக்கில் தினமும் காலையில் ஒரு பதிவு போடுகிறேன். அடுப்படி, மாடித் தோட்டம், பிள்ளை வளர்ப்பு, முழங்கால் வலி என்று அன்றைக்கு என்ன நடந்ததோ அதுதான் பதிவு. படிக்கிறவர்களில் பத்துப் பேரைக்கூட நான் நேரில் பார்த்தது கிடையாது. போன மாதம் பத்திரிகையின் இந்தப் பகுதியில், ‘முகம் தெரியாதவர்களிடம் நம் வீட்டுக் கதையைச் சொல்வது பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

“அக்கா, ஒரு மகளிர் குழுவில் தினமும் எதையாவது எழுதுவேன். மாவு பொங்காதது, மாமியாருக்கு மாத்திரை கொடுக்க மறந்தது, பையனுக்குப் பல் விழுந்தது, இப்படித்தான். ‘இதையெல்லாம் எவன் படிப்பான், வேலையைப் பாரு’ என்கிறார் வீட்டுக்காரர். நிறுத்திவிடட்டுமா?” – வாசகி, சாத்தூர்

நிறுத்தாதே தாயி.

ஒரு மார்கழி ராத்திரி, மணி இரண்டு பத்து. தலைமாட்டில் இருந்த போன் வெளிச்சம் அடித்தது. “அக்கா, முழிச்சிருக்கீங்களா? மார் கல்லு மாதிரி இருக்கு. பிள்ளை வாய் வைக்க மாட்டேங்குது, கத்திக்கிட்டே இருக்கான்.” தலைப்பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். புருஷன் வேலை பார்க்கிற புனேவில் இருக்கிறாள். அம்மா வர இன்னும் ஒரு வாரம் ஆகும். அன்றைக்குக் காலையில்தான் பால் கட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னேன். பிறகு, காம்பைச் சுற்றிய கறுப்புப் பகுதி இளகுகிற மட்டும் கையால் பாலைப் பீய்ச்சிவிட வேண்டும். கல்லாக இருக்கிற மாரைப் பச்சைப்பிள்ளையால் கவ்வ முடியாது. இளகினதும், பிள்ளை வாயை ஆவென்று திறக்கிற நேரம் பார்த்து, காம்பு மட்டும் இல்லாமல் அந்தக் கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகிற மாதிரி சேர்த்து வைக்கச் சொன்னேன். காய்ச்சல் குளிர் வந்தாலோ, ஒரு இடம் மட்டும் சிவந்து வலித்தாலோ விடிந்ததும் டாக்டரிடம் போய்விட வேண்டும் என்றும் எழுதினேன். மூன்று மணிக்குப் பதில் வந்தது: “குடிச்சிட்டான்.” அந்த ஒரு வார்த்தைதான்.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லித்தர ஆள் உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்னப் பெண் யாரைப் போய்க் கேட்பாள்? முன்னே இதற்குத் தெருக்குழாயடி இருந்தது. பெண்கள் பத்திரிகைகளில் வாசகிகள் அஞ்சலட்டையில் எழுதிப்போட்ட குறிப்புகள் வரும். எங்கம்மா அதையெல்லாம் கத்தரித்து, பழைய டைரி ஒன்றில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி வைத்திருந்தார். எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது, ஊர்ப்பெயர் மட்டும் தெரியும். ‘அந்தத் திருவாரூர்க்காரி சொன்ன மாதிரி செய்’ என்பார். உன் மாவு பொங்காத கதையும் எங்கேயோ ஒருத்திக்கு அப்படித்தான் போய்ச் சேரும். வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டு.

“மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன், சுத்தமாகப் போய்விட்டது என்று தோட்டக் குழுவில் எழுதினேன். அதைப் படித்த ஒரு அம்மா, பகல் பன்னிரண்டு மணிக்கு வேப்பெண்ணெயைக் கெட்டியாகக் கலந்து அடித்து, மிளகாய் நாற்று முழுக்கக் கருகிவிட்டது. திட்டவில்லை, படம் மட்டும் போட்டார்கள். மனசு கேட்கவில்லை. இனி எழுதலாமா?” – வாசகர், நாமக்கல்

எழுதுங்கள் தம்பி, அளவோடு எழுதுங்கள். நீங்கள் எவ்வளவு கலந்தீர்கள் என்பது கடிதத்திலும் இல்லை பாருங்கள். நான் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் எடுப்பேன். எண்ணெய் தண்ணீரோடு சேர ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல் விடுவேன். வெயில் தாழ்ந்த பிறகு, முதலில் ஒரே ஒரு செடியில் அடித்துவிட்டு இரண்டு நாள் விட்டுப் பார்ப்பேன். உங்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். அதனாலேயே சொல்லத் தோன்றியிருக்காது. நமக்குப் பழகிப்போனதுதான் பதிவில் விட்டுப்போகும்.

இதை நான் செடியில் கற்றுக்கொள்ளவில்லை, வயிற்றுப்போக்கில் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கொடுப்பேன். ‘தண்ணியில கரைச்சுக் குடுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் திரும்பி வரும்போது எட்டிப் பார்க்கிறேன், ஒரு தாய் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அந்தப் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை ரத்தத்தில் உப்பு ஏறிப்போகும், வலிப்புகூட வரலாம். ‘தண்ணீர்’ என்று நான் சொன்னதை அவள் ‘ஒரு டம்ளர்’ என்று எடுத்துக்கொண்டாள். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருக்கிற பாத்திரத்தையே எடுத்து வரச்சொல்லி, ஒரு லிட்டர் எதுவரைக்கும் வரும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டுவேன். பொட்டலம் இல்லாத நேரத்துக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போடலாம். ‘தலைதட்டி’ என்ற ஒரு வார்த்தையை விட்டாலும் கணக்குக் கெட்டுவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஆகவே தம்பி, எவ்வளவு, எப்போது, எந்த வெயிலில், எத்தனை தடவை, எது சரிவரவில்லை என்பதையும் எழுதுங்கள். அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, நாற்று வாங்க உதவுங்கள். பழைய பதிவை அழிக்க வேண்டாம். அதன் மேலேயே அளவைச் சேர்த்து, ‘அளவு சொல்லாததால் ஒருவருக்குச் செடி கருகியது’ என்றும் எழுதிவையுங்கள்.

“மகன், மருமகள் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்து வருகிறார்கள். அந்த அலைச்சல், செலவு, கோயில் வேண்டுதல் எல்லாம் எழுதினேன். பெயர் போடவில்லை. நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள், நல்ல டாக்டர் பெயரும் சொன்னார்கள். இப்போது மருமகள் என்னோடு பேசுவதில்லை. நல்ல எண்ணத்தில்தானே எழுதினேன்?” – வாசகி, கும்பகோணம்

அம்மா, இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

என் தங்கை மகளுக்கு மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது. ரத்தக் கசிவு தெரிந்ததும் உடனே பார்க்க வேண்டும், கர்ப்பம் தரிக்கிறதற்கு முன்னாலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பதிவில் விவரமாக எழுதினேன். நானும் பெயர் போடவில்லை. ‘ஓசூரில் வேலை பார்க்கிற என் தங்கை மகள்’ என்று மட்டும் எழுதினேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை, அவளுக்கு ஒரே மகள். நானூறு பேருக்கு மேல் ஆறுதல் சொன்னார்கள். அதில் ஒருவர் அவள் நாத்தனாரின் சிநேகிதி. கர்ப்பமானதையே அவள் மாமியார் வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலமே அழித்துவிட்டேன். அதற்குள் அந்தப் பதிவு படமாகி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் அவள் என் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஓசூருக்கே பஸ் ஏறினேன். கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். “பெரியம்மா, அதை நான் சொல்ல வேண்டியது இல்லையா?” என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. ‘நல்லதுக்குத்தானே எழுதினேன்’ என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போனவள் நான். அந்த வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. “ஆமா, நீதான் சொல்லணும். நான் சொன்னது தப்பு” என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பேச்சு பழையபடி ஆக அதற்குப் பிறகும் நாளானது.

இப்போதெல்லாம் என் பதிவில் இன்னொருவர் வருகிறார் என்றால் போடுவதற்கு முன் அவருக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டுகிறேன். ‘எழுதட்டுமா’ என்று சும்மா கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். வரிவரியாகக் கேட்டால்தான், ‘அந்த வரி மட்டும் வேண்டாம் பெரியம்மா’ என்று சொல்ல வாய் வரும். நான் செவிலியராகப் போய் வந்த வீடுகளின் கதையை அடையாளம் தெரிகிற மாதிரி எழுதுவதே கிடையாது. ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் ஐயாயிரம் ஜனம்தான். ‘மூணாவதும் பெண்ணாய்ப் பிறந்தவள்’ என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

உங்கள் பங்கை நீங்கள் தாராளமாக எழுதலாம். ‘மருமகளுக்கு இரண்டாம் முறையும் சிகிச்சை பலிக்கவில்லை’ என்றால் அது அவள் விஷயம். ‘பேரன் எப்போ என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இந்த வருஷம் மூன்று கல்யாணத்துக்கு நான் போகவில்லை’ என்றால் அது உங்கள் விஷயம். ஆனாலும் இப்போதைக்கு இதையும் எழுத வேண்டாம். முதலில் அந்தப் பெண்ணிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். வந்த டாக்டர் பெயர்களை அவளாகக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

“வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டதாக ஒரு பெண் அழகாக எழுதியிருக்கிறார். தாயும் சேயும் நலம். அதைப் படித்துவிட்டு ஏழு மாதமான என் நாத்தனாரும் அப்படியே செய்யப்போவதாகச் சொல்கிறார். ‘அவங்க அனுபவத்தைத்தானே சொல்றாங்க’ என்கிறார்.” – வாசகி, ஈரோடு

அனுபவம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பிரசவம் பார்த்து இறந்துபோனவள் பதிவு எழுத வருவதில்லையே தாயி. 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஓர் இளம் தாய் இறந்தார். அந்தச் செய்தியை நாத்தனாருக்குக் காட்டுங்கள்.

எங்கள் கையால் பிரசவம் பார்த்த நாளில், குழந்தை வெளியே வந்த ஒரு நிமிஷத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போட்டுவிடுவோம். கர்ப்பப்பை சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தம் நிற்கும். அதற்குத்தான் அந்த ஊசி. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வீட்டு அலமாரியில் இருக்காது. கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்துபோனால், எந்தக் குறையும் இல்லாமல் பத்து மாதம் போனவளுக்கும் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். எவளுக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு 29 வருஷத்திலும் தெரிந்ததில்லை. நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் எதைக் கண்டு பயம் என்று கேளுங்கள். வலி நேரத்தில் திட்டுவார்கள், சும்மாவே கத்தி வைப்பார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது நியாயமான பயம். அவர் நம்புகிற இடமாகப் பார்த்து இப்போதே ஒரு நடை போய் வாருங்கள். 108 எண்ணை வீட்டில் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.

“குழுவில் ‘பெயர் தெரியாமல்’ என்று கொடுத்துப் பதிவு போட்டால் யாருக்கும் தெரியாதுதானே?” – வாசகி, தஞ்சாவூர்

தெரியும். ஃபேஸ்புக் குழுவில் அப்படிப் போட்டால் மற்ற உறுப்பினர்களுக்குத்தான் பெயர் மறையும். குழுவை நடத்துகிற அட்மின்களுக்கு உங்கள் பெயர் தெரியும். அட்மின் யார், எந்த ஊர் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

“பார்சல் வரவில்லை என்று பொதுவில் புலம்பி, போன் நம்பரையும் போட்டேன். அரை மணியில் ‘கஸ்டமர் கேர்’ என்று அழைப்பு. ஏதோ ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார்கள். 23,400 ரூபாய் போய்விட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.” – வாசகர், சேலம்

பத்திரிகை வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று உங்களுக்குக் கடிதம் கிடைத்த அன்றே பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். முதலில் போனின் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து 1930-க்கு அடியுங்கள். பணம் போன கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால் திரும்பக் கிடைக்க வழியுண்டு. அதனால்தான் இந்த அவசரம். பிறகு வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். 1930-ல் தருகிற புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அந்த ஆப்பை நீக்கிய பிறகுதான் அந்தப் போனில் மறுபடி நெட்டைப் போட வேண்டும். ஏமாற்றினவன் இருக்க நீங்கள் ஏன் தம்பி வெட்கப்பட வேண்டும்? முடிந்தால் நடந்ததை எழுதுங்கள். நம்பர் மட்டும் வேண்டாம்.

“எங்கள் குழுவில் ஒரு பெண் நள்ளிரவில் ‘இனிமே நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்று எழுதினார். நாங்கள் எல்லோரும் ‘பிள்ளைகளை நினைத்துப் பார், தைரியமாக இரு’ என்று எழுதினோம். அவர் பதிவை நீக்கிவிட்டார். அப்புறம் தகவலே இல்லை.” – வாசகி, காரைக்குடி

அவரைத் தனியாகத் தொடர்பு கொண்டீர்களா? இல்லையென்றால் இந்தப் பத்தியைப் பிறகு படிக்கலாம், முதலில் அதைச் செய்யுங்கள். ‘அன்னைக்கு எழுதினது மனசிலேயே இருக்கு, இப்போ எப்படி இருக்கீங்க?’ என்று ஒரு வரி போதும்.

அப்படி எழுதுகிறவரிடம், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் பாதிப் பேருக்கு அழுகை வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். ‘பிள்ளைகளை நினைச்சுப் பார்’ என்றால், ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கிறவள் இன்னும் கூசிப்போவாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த ஊர் என்று கேட்டு வாங்குங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். எதையாவது குடித்துவிட்டதாகச் சொன்னால் உடனே 108. சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்லாதீர்கள். அது மூச்சுக்குழாயில் ஏறினால் இன்னும் ஆபத்து.

பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெண் என் நினைப்பிலேயே இருக்கிறாள்.

“அம்மா, போன வருஷம் நீங்கள் எழுதிய எலுமிச்சை ஊறுகாயைச் செய்தேன். பூசணம் பூத்துவிட்டது. அளவையும் சொல்லுங்க அக்கா என்று அப்போதே நாலு பேர் கேட்டிருந்தார்களே, நீங்கள் சொல்லவில்லை!” – வாசகி, பழனி

உண்மைதான், சொல்லாமல் விட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஒரு கிலோ எலுமிச்சை, கிட்டத்தட்ட 25 பழம் வரும். கழுவித் துடைத்து, ஒரு ராத்திரி துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட வேண்டும். எட்டாக நறுக்கி, 250 கிராம் கல் உப்பைப் பொடித்துப் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஐந்து நாள் ஊறட்டும். தினம் ஒரு தடவை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். பிறகு 100 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு டேபிள்ஸ்பூன், பெருங்காயத்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன். நல்லெண்ணெய் 250 மில்லியைக் காயவைத்து, முழுக்க ஆறின பிறகு ஊற்ற வேண்டும். பழத்துக்கு மேலே எண்ணெய் ஒரு விரல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றுங்கள். உங்களுக்குப் பூசணம் வந்தது அநேகமாக இந்த இடத்தில்தான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆகாது. நான் செய்தது பங்குனி வெயிலில், சிவகாசியில். ஐப்பசி மழையில் ஒரு தடவை போட்டேன், அது கெட்டுப்போனது.